வெளியில் சாப்பிட்டுக்கொண்டே கலோரி கணக்கு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரை, மருந்து கம்பெனி ரெப்

வணக்கம். திண்டுக்கல், தேனி, விருதுநகர் என்று வாரத்தில் ஐந்து நாள் பைக்கில் அலைந்து, டாக்டர்களைப் பார்த்து எங்கள் மருந்தைப் பற்றிச் சொல்கிற வேலை எனக்கு. கடைசி டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். அந்த நேரத்தில் திறந்திருப்பது பரோட்டா கடை, ஃபாஸ்ட் ஃபுட் வண்டி, பேக்கரி, அவ்வளவுதான். போன வருடம் ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு 268. எடை 91 கிலோ. "வெளிச் சாப்பாட்டைக் குறைங்க" என்றார் டாக்டர். என் பிழைப்பில் அது முடியாது. அதனால் ஒரு நாளைக்கு 1,700 கலோரி என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொண்டு, வெளியில் சாப்பிட்டபடியே கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். எட்டு மாதம் ஆகிறது. இப்போது 83 கிலோ.

எங்கள் பக்கம் ஃபாஸ்ட் ஃபுட் என்று சொன்னாலே தள்ளுவண்டியில் அடுப்பு சீறிக்கொண்டிருக்க, இரும்புச் சட்டியில் கிளறித் தரும் ஃப்ரைடு ரைஸ்தான். முதல் ஒரு மாதம் அதில்தான் ஏமாந்தேன். போனில் இருந்த ஆப்பில் 'முட்டை ஃப்ரைடு ரைஸ், ஒரு பிளேட்' என்று தேடினால் முந்நூற்றுச் சொச்சம் கலோரி காட்டும். அதைப் போட்டுக்கொண்டு திருப்தியாகத் தூங்கப் போவேன். எடை மட்டும் அசையவில்லை.

ஒரு நாள் பார்சலாக வாங்கி வந்து வீட்டுத் தராசில் வைத்தேன். 560 கிராம். ஆப்பில் இருந்த பிளேட் யாருடைய பிளேட்டோ! வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. பார்சலில் சோறு மட்டும் 400 கிராமாவது இருக்கும், அதுவே 520 ஆச்சு. முட்டை இரண்டு, 150. மீதி எண்ணெய். அது எவ்வளவு என்று தெரியாமல் கணக்கு முடியாது.

அடுத்த நாள் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று மாஸ்டரின் கையைப் பார்த்தேன். எண்ணெய் டின்னில் ஒரு குழிக்கரண்டி கிடக்கிறது. ஒரு ஆர்டருக்கு ஒரு முறை, முக்கால் கரண்டி. ஊற்றும்போது கை நிற்பதே இல்லை, சட்டியில் விழுந்த சத்தத்தோடு முட்டையும் விழுந்துவிடும். அதே அளவுக் கரண்டி ஒன்றைப் பாத்திரக் கடையில் வாங்கினேன். சிரப் பாட்டிலோடு வரும் அளவு மூடி என் பையில் எப்போதும் கிடக்கும். அதில் 15 மில்லி தண்ணீர் அளந்து அளந்து ஊற்றினேன். நான்கு மூடியில் கரண்டி நிறைந்தது. அப்படியென்றால் முக்கால் கரண்டி 45 மில்லி. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால் எடை 41 கிராம் வரும். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. கிட்டத்தட்ட 370!

மொத்தம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு முழு நாளுக்கும் சேர்த்துச் சொல்லும் எண்ணெய் 27 கிராம். நான் ஒரு பார்சலில் ஒன்றரை நாள் எண்ணெயைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் கேட்டே விட்டேன். "அண்ணே, எனக்கு மட்டும் எண்ணெய் கால் கரண்டி போடுங்க. சோறு பாதி போதும். முட்டை மூணு. கோஸ், கேரட் கூடப் போடுங்க."

"கால் கரண்டின்னா சோறு அடிப்பிடிக்குமே சார்."

"பிடிச்சாப் பரவால்லண்ணே."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் சட்டியைக் கழுவித் துடைத்து, புகை கிளம்பும் வரை காய விட்டார். சட்டி நன்றாகக் காய்ந்தால் கொஞ்ச எண்ணெயே போதும், ஒட்டாது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். முட்டையை முதலில் உடைத்துப் போட்டு, கோஸை அள்ளிப் போட்டு, கடைசியில் ஒரு பிடி சோறு. மிளகுத்தூளை மட்டும் தாராளமாகத் தூவினார். வீட்டில் வந்து கணக்குப் போட்டால் 600 பக்கம் வந்தது. ருசியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. காசு பத்து ரூபாய் கூட வாங்கினார், முட்டைக்கு. இப்போது என் பைக் நின்றாலே "கால் கரண்டி சாரா, வாங்க" என்பார்.

அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் சாப்பாட்டின் பெயரைவிட எண்ணெய் எங்கே, எப்போது விழுகிறது என்றுதான் பார்க்கிறேன். பரோட்டா ஒன்று 300 கலோரி அளவுக்கு வரும். மைதாவைப் பிசையும்போது, வீசும்போது, கல்லில் போடும்போது என்று மூன்று இடத்தில் எண்ணெய். விருதுநகரில் அதை எண்ணெயிலேயே பொரிக்கிறார்கள். கொத்துப் பரோட்டா என்றால் இரண்டு பரோட்டாவும் முட்டையும் சால்னாவும் மறுபடி எண்ணெயும். நல்லவேளை, மதுரையில் பல ராத்திரிக் கடைகளில் பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்திலேயே இட்லிக் கொப்பரையும் இருக்கும். நான்கு இட்லி 230 கலோரி சுமாருக்கு வரும், கூட இரண்டு அவித்த முட்டை. மனசு கேட்காத நாளில் ஒரு பரோட்டாவும் இரண்டு அவித்த முட்டையும். சால்னாவை மட்டும் "மேலாக எடுக்காதீங்கண்ணே, எண்ணெயை ஒதுக்கிட்டு ஊத்துங்க" என்று சொல்வேன். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

பெரிய செயின் கடைகளில் இந்தத் தலைவலி குறைவு. பத்தோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவில் விலைக்குப் பக்கத்திலேயே கலோரியைப் போட வேண்டும் என்று 2022 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. மகள் பிறந்தநாளுக்கு மெக்டொனால்ட்ஸ் போனபோது அந்த எண்களைப் படித்தேன். சைவம் என்றால் லேசு என்று நினைத்திருந்தேன். மெக்ஸ்பைசி பனீர் பர்கர் 650 பக்கம், மெக்ஸ்பைசி சிக்கன் 450 பக்கம். ஆலு டிக்கி 340. மீடியம் ஃப்ரைஸ் தனியாக 320. நான் ஆலு டிக்கியும் தண்ணீரும் எடுத்தேன், மகளின் ஃப்ரைஸில் நாலைந்து. 300 மில்லி கோலாவில் 130 கலோரி பக்கம் வெறும் சர்க்கரைதான். குடிப்பது வயிற்றில் நிற்பதில்லை, கணக்கில் நின்றுவிடுகிறது.

இன்னும் பிடிபடாதது பேக்கரி. டீயோடு ஒரு பஃப்ஸ், மழை பெய்தால் இரண்டு. யாராவது அங்கே என்ன எடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.


சென்னை, ஓ.எம்.ஆர். பக்கம் வேலை

கரண்டி கணக்கைப் படித்ததும் என் கதையைச் சொல்லத் தோன்றியது. எங்கள் அலுவலகத்து ஃபுட் கோர்ட்டில் நான் ஆறு மாதம் சாலட் மட்டும் சாப்பிட்டேன். பச்சையாக இலை, மேலே பொரித்த சிக்கன் துண்டு, அதற்கு மேல் வெள்ளையாக ஒரு டிரெஸ்ஸிங். ஒரு கிலோகூடக் குறையவில்லை. அந்த டிரெஸ்ஸிங்கைத் தனியாகக் கிண்ணத்தில் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மயோனைஸ் அடித்தளத்தில் செய்தது, கிண்ணம் நிறைய. மயோனைஸ் 100 கிராமுக்கு 700 கலோரி அளவு. 60 கிராம் கிண்ணம் என்றால் அதுவே 400 ஆகிவிடுகிறது. இலையில் முப்பதுகூட இல்லை.

இப்போது கிண்ணத்தைத் தனியாகக் கேட்டு, முள்கரண்டி நுனியில் தொட்டுச் சாப்பிடுகிறேன். கால்வாசிகூடத் தீர்வதில்லை. பொரித்த சிக்கனுக்குப் பதில் கிரில் செய்தது. அதைவிட நல்ல கண்டுபிடிப்பு, அதே வரிசையின் கடைசியில் இருக்கும் டிபன் கவுண்டர். இட்லி, சாம்பார், ஒரு நீர்மோர். விலையும் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கவுண்டரைத் தாண்டித்தான் தினமும் போய்க்கொண்டிருந்தேன்.

பேக்கரிக்கு: நான் டீயில் சர்க்கரையைப் பாதியாக்கிவிட்டு, பஃப்ஸுக்குப் பதில் கடலை மிட்டாய் ஒன்று எடுப்பேன். கலோரி அதிலும் உண்டு, ஆனால் ஒன்றோடு நின்றுவிடலாம். பஃப்ஸில் அடுக்கு அடுக்காக இருப்பது கொழுப்புதான். அதற்கு மருந்தே இல்லை.


திருச்சி, கல்லூரி விடுதி

எங்களுக்கு ஷவர்மாதான் ராத்திரிச் சாப்பாடு. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு அரசு ஒரு வருடம் தடை போட்டபோது, இனி ஷவர்மா உடம்புக்கு நல்லது என்று அறையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தடை கிருமிக்காக வந்தது. முட்டை இல்லாத மயோனைஸிலும் எண்ணெய் அதே எண்ணெய்தான். நான் 'மயோனைஸ் தனியா, ஃப்ரைஸ் உள்ளே வேண்டாம், கோஸ் நிறைய' என்று வாங்குகிறேன். கம்பியில் சுற்றுகிற சிக்கன் மோசமே இல்லை, எண்ணெய் கீழே வடிந்துவிடுகிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.


கோயம்புத்தூர், ஃபாஸ்ட் ஃபுட் கடை வைத்திருப்பவர்

ரெப் அண்ணன் எழுதியதை என் மாஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். முக்கால் கரண்டி சரிதான் என்றார். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

எண்ணெய் விலை உங்களுக்குத் தெரியும். குறைவாகப் போட்டால் எனக்குத்தான் லாபம். ஆனாலும் போடுகிறோம், ஏனென்றால் பார்சல் அரை மணி நேரம் கழித்துப் பிரிக்கும்போது சோறு வறண்டு உதிராகக் கிடந்தால் மறுநாள் ஆள் வரமாட்டார். பளபளவென்று இருந்தால்தான் நல்ல ரைஸ் என்று மக்கள் நினைக்கிறார்கள். இன்னொன்று, எட்டு மணிக்கு மேல் கூட்டம் ஏறிவிட்டால் நாலு பேர் ஆர்டரை ஒரே சட்டியில் போடுவோம். அப்போது வந்து "எனக்கு மட்டும் குறைச்சு" என்று கேட்டால் மாஸ்டரால் முடியாது. ஆறரை, ஏழு மணிக்கு வாருங்கள், அல்லது கூட்டம் ஓய்ந்த பிறகு. தனிச் சட்டியில் சந்தோஷமாகச் செய்து தருவோம். வாரத்தில் ஏழெட்டுப் பேர் இப்படிக் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் வந்த ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை.

கலோரி பார்க்கிறவர்கள் எண்ணெயின் நிறத்தையும் பாருங்கள். பொரிக்கிற சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரை தள்ளி, கெட்டியாக இருந்தால் அந்தக் கடையில் சில்லி சிக்கன் வாங்காதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட பொருளுக்கு 25 சதவீதம் என்று அரசு வரம்பே வைத்திருக்கிறது. நாங்கள் கடை மூடும்போது மிச்சத்தைத் தனி கேனில் ஊற்றி, பயோடீசலுக்கு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறோம். கேட்டுப் பாருங்கள். ஒழுங்காக நடத்துகிறவர் கேனைக் காட்டுவார்.


திருநெல்வேலி, ஒரு அம்மா

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. நான் வேறு விஷயம் சொல்ல வந்தேன்.

என் மகள் பிளஸ் டூ படிக்கும்போது போனில் கலோரி எண்ண ஆரம்பித்தாள். எடை அவளுக்கு ஒன்றும் அதிகம் இல்லை. பிறந்தநாள் விழாவில் பீட்சா வைத்தால் மேலே இருக்கும் சீஸை உரித்து வைத்துவிட்டு ஒரு வாய். அப்புறம் அதுவும் இல்லை. நானும் முதலில் நல்ல பழக்கம் என்றுதான் நினைத்தேன், அக்கம்பக்கத்தில் பெருமையாகக்கூடச் சொன்னேன். ஒரு நாள் அவள் போனை எடுத்துப் பார்த்தால் நாள் கணக்கு 800, 750 என்று இருக்கிறது. பதினேழு வயசுப் பெண்ணுக்கு 2,500 கலோரி பக்கம் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது கை நடுங்கிவிட்டது. மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, எங்களிடம் சொல்லவும் இல்லை. தலை வாரும்போது முடி கொத்தாக வந்தது.

டாக்டரம்மா ஆப்பை அழிக்கச் சொன்னார். மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார். அவள் சரியாவதற்கு ஒரு வருடம் ஆனது. இப்போது நன்றாக இருக்கிறாள். போன ஞாயிறு அவளே "அம்மா, பரோட்டா வாங்கிட்டு வாங்க" என்றாள். இரண்டு வாங்கிக் கொடுத்தேன், சால்னாவோடு. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் வளர்கிற பிள்ளைகள் இருந்தால், நீங்கள் கணக்குப் போடுவதை அவர்கள் முன்னால் சத்தமாகப் போடாதீர்கள். என் வீட்டில் அது என்னிடமிருந்துதான் தொடங்கியது. நான்தான் முதலில் தட்டைப் பார்த்துப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன்.


மதுரை, மருந்து கம்பெனி ரெப்

அம்மா, நீங்கள் எழுதியதை என் மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம். பர்கர் கடையில் பலகையைப் பார்த்து எண்களை நான் வாய்விட்டுத்தான் படித்தேன். மகளுக்குப் பதினொரு வயது. அவள் ஃப்ரைஸ் தட்டை என் பக்கம் நகர்த்தியது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பாசத்தில் கொடுக்கிறாள் என்று எடுத்துச் சாப்பிட்டேன். இன்று ராத்திரி தராசை அடுக்களையிலிருந்து எடுத்து என் பீரோவில் வைத்துவிட்டேன். குறிப்பு நோட்டும் இனி என் வேலைப் பையில்தான்.

கோவை அண்ணே, நேரம் சொன்னதற்கு ரொம்ப நன்றி. இனி கடைசி டாக்டருக்கு முன்னால், ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடப் பார்க்கிறேன். தேனி, பெரியகுளம் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் சுண்டலோ அவித்த முட்டையோ கிடைக்கிற வண்டி யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். வியாழக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன்.