எடை குறைக்கச் சத்திரசிகிச்சை: செய்வதா, விடுவதா?

கடற்காற்று (வெள்ளவத்தை)
எனக்கு வயது 38. எடை 104 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், உடல் திணிவுச் சுட்டி 41க்கு மேல். சீனி வருத்தம் வந்து நாலு வருடம். இன்னும் குளிசைதான், இன்சுலின் இல்லை. தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதால் மெஷின் மாட்டிக்கொண்டு படுக்கிறேன். கிளினிக்கில் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள், இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் செய்யலாம் என்கிறார். மாமியோ சோற்றைக் குறைத்து காலிமுகத்திடலில் நடந்தால் போதும் என்கிறார். அதைத்தானே இவ்வளவு காலமும் செய்தேன்! இறங்கும், திரும்ப ஏறும். இன்னொரு பிள்ளையும் வேண்டும் என்று ஆசை. செய்தவர்களும் வேண்டாம் என்று விட்டவர்களும் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணன்
தங்கச்சி, நான் வேண்டாம் என்ற பக்கம். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் 75 முதல் 80 வீதம் வரை வெட்டி எடுத்துவிடுவார்கள். பிறகு மனம் மாறினால் திருப்பி வைக்க வழியில்லை. வெட்டிய இடத்தில் கசிவு வரலாம். அது அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிர் ஊசலாடும். நெஞ்செரிவே அறியாதவர்களுக்கும் அதன் பிறகு வருகிறது. என் சித்தியின் மகள் செய்தாள். முதல் வருடம் எல்லோரும் புகழ்ந்தார்கள். அப்புறம் கிளினிக்கையும் விட்டாள், விற்றமின் குளிசையையும் விட்டாள். இரத்தம் குறைந்து, இரண்டு மாடி ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்குகிறாள். இப்போதுதான் எடை குறைக்கும் செமாக்ளூட்டைட் ஊசி இருக்கிறதே, அதைப் பார்க்காமல் நல்ல வயிற்றில் எதற்குக் கத்தி?

தெஹிவளை ராத்தா
தம்பி, இந்த வயதில் சீனியும் மூச்சுத் தடையும் இருக்கும்போது "நல்ல வயிறு" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உங்கள் சித்தியின் மகளுக்கு நடந்தது வேதனைதான். ஆனால் பிற்பாடு பார்க்காமல் விட்டதால் வந்தது அது. நான் பைபாஸ் செய்தவள், அதாவது இரைப்பையைச் சிறிதாக்கி நேரே சிறுகுடலோடு இணைப்பது. இன்றைக்கும் பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி எதையும் தவறவிடுவதில்லை. சாப்பாட்டில் முதலில் மீன் துண்டு, பிறகு மரக்கறி, இடமிருந்தால் அரை இடியப்பம். அவசரமாக ஒரு வாய் பாண் விழுங்கினால் நெஞ்சுக்குள் கல்லுப் போல நிற்கும், எழும்பி நடக்க வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. கலியாண வீட்டில் "ஏன் சாப்பிடவில்லை, பிடிக்கவில்லையா" என்று கேட்பார்கள், அதற்கும் பழக வேண்டும். இதையெல்லாம் ஆயுள் முழுக்கச் செய்ய முடியுமா என்பதைத்தான் தங்கச்சி தன்னிடம் கேட்க வேண்டும்.

காத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. சீனி வந்து குறைந்த காலம், இன்சுலின் தொடங்காத நிலை என்றால்தான் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அது அடங்கும் வாய்ப்பு அதிகம். தங்கச்சி இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறார்.

கொட்டாஞ்சேனை அண்ணன்
அடங்கும், பிறகு திரும்பும். சுவீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வில், சீனி இருந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் இரண்டு வருடத்தில் 72 வீதம் பேருக்குச் சீனி விலகியிருந்தது. பத்து வருடத்தில் அது 36 வீதம்.

மருந்துக்கடைக்காரன் (பம்பலப்பிட்டி)
அண்ணா, அதே ஆய்வின் மற்றப் பாதியையும் சொல்லுங்கள். சத்திரசிகிச்சை செய்யாதவர்களில் பத்து வருடத்தில் விலகியது 13 வீதம்தான். செய்தவர்களில் இறப்பும் குறைவாக இருந்தது. அவர்களுக்குச் செய்தது பெரும்பாலும் பழைய முறைகள், இன்றைய ஸ்லீவ் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஊசியைப் பற்றி. பெரிய ஆய்வொன்றில் 68 வாரத்தில் சராசரி 15 வீத எடை இறங்கியது. நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அதாவது மாதா மாதம் காசு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவுக்கு முக்கியமானது இன்னொன்று: கர்ப்பத்துக்கு முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே செமாக்ளூட்டைட்டை நிறுத்திவிட வேண்டும்.

கடற்காற்று (வெள்ளவத்தை)
நன்றி. நெஞ்செரிவு எனக்கு இப்போதே இருக்கிறது, தலையணை இரண்டு வைத்துத்தான் படுக்கிறேன். நிபுணரிடம் அதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பிள்ளை விஷயம்தான் மனதைக் குடைகிறது. சத்திரசிகிச்சை செய்தால் எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்?

தெஹிவளை ராத்தா
12 முதல் 18 மாதம். எடை வேகமாக இறங்கும் காலத்தில் வயிற்றுப் பிள்ளைக்குச் சத்துப் போதாது. எடை இறங்கத் தொடங்கியதும் மாதவிடாய் ஒழுங்காகி, நினையாத நேரத்தில் கரு தங்கிவிடவும் கூடும். பைபாஸ் என்றால் கருத்தடைக் குளிசையை நம்ப முடியாது, வேறு முறை கேளுங்கள். 38இல் இந்தக் காத்திருப்பு சின்ன விஷயமில்லை, அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் இந்த எடையோடும் சீனியோடும் கர்ப்பம் தாங்குவதும் சின்ன விஷயமில்லை. பிள்ளையா சத்திரசிகிச்சையா முதலில் என்பதை எங்களிடம் கேட்காதீர்கள், மாமியிடமும் கேட்காதீர்கள். மகப்பேற்று வைத்தியரிடம் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நெஞ்செரிவைக் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்லீவ் அதைக் கூட்டலாம், அப்படிப்பட்டவர்களுக்குப் பைபாஸ்தான் பொருத்தம் என்று பல நிபுணர்கள் சொல்வார்கள். வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியும் கேளுங்கள்.

மருந்துக்கடைக்காரன் (பம்பலப்பிட்டி)
பைபாஸ் என்றால் ஒன்று. முழங்கால் வலிக்கு டைக்ளோபெனாக் வாங்கி விழுங்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். இணைத்த இடத்தில் புண் வரலாம். சிகரெட்டும் அப்படித்தான்.

கொட்டாஞ்சேனை அண்ணன்
ராத்தா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் என் பயம் போகவில்லை. இரண்டு வருடம் கழித்து வேலை, பிள்ளை, வீடு என்று ஓடும்போது யார் இரத்தப் பரிசோதனைக்கு ஞாபகப்படுத்துவார்கள்? என் வீட்டில் அது நடக்கவில்லை.

கடற்காற்று (வெள்ளவத்தை)
அண்ணா, அதை இன்றிரவே கணவரோடு கதைக்கிறேன். உணவு ஆலோசகரிடம் அவரும் வர வேண்டும் என்று கேட்கப்போகிறேன், சமையல் பாதி அவர்தான். நெஞ்செரிவைச் சொல்ல நிபுணரைத் திரும்பவும் பார்க்க நேரம் எடுத்து, சனல் பண்ணியிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை அண்ணன்
சரி தங்கச்சி. அந்த எண்டோஸ்கோப்பி முடியும் வரைக்கும் ஸ்லீவுக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.