எட்டுக்கு மேல் ஜி.பி.ஏ. வந்தும் எனக்கு ஒன்றும் தெரியாத மாதிரியே இருக்கிறது

நெல்லைக்காரி:

வணக்கம். நான் சி.எஸ்.இ. (கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்) இரண்டாம் ஆண்டு, மூன்றாவது செமஸ்டர் நடக்கிறது. பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், பயாலஜி மேத்ஸ் குரூப். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கவுன்சலிங்கில் இந்தக் கல்லூரி கிடைத்தது. காலேஜ் சேரும் வரை நான் ஒரு வரி கோடு கூட அடித்ததில்லை.

முதல் செமஸ்டரில் பைத்தான், இரண்டாவதில் சி, இப்போது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தகவல்களை அடுக்கிவைக்கும் முறைகள்). ஜி.பி.ஏ. 8.3, அரியர் கிடையாது. ஆனால் எல்லாம் மனப்பாடம் செய்து வாங்கிய மார்க் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போன வாரம் லேபில் லிங்க்டு லிஸ்டில், அதாவது ஒவ்வொன்றும் அடுத்தது எங்கே என்று காட்டும் பெட்டிகளின் சங்கிலியில், ஒரு நோடை (பெட்டியை) நீக்கும் புரோகிராம். பக்கத்து சிஸ்டத்தில் இருக்கும் பையன் பத்து நிமிடத்தில் அவுட்புட் காட்டி ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிட்டான். எனக்கு ஒன்றரை மணி நேரமும் செக்மென்டேஷன் ஃபால்ட்தான், தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் புரோகிராம் பாதியில் நின்றுபோகும் பிழை. கடைசியில் தோழியின் கோடைப் பார்த்து அடித்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மேடம் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னேன், "குட்" என்றார். சந்தோஷம் வரவில்லை. இன்றைக்கு மாட்டியிருக்க வேண்டியவள், தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

தகுதியில்லாமல் எல்லோரையும் ஏமாற்றுகிறோம் என்று தோன்றும் இதற்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று பெயர் என ஹாஸ்டலில் ஒரு அக்கா சொன்னார். எனக்கு அது கூடப் பொருந்தாதோ என்று பயம், ஏனென்றால் எனக்கு நிஜமாகவே தெரியவில்லையே. கோட்டாவில் வந்ததால்தான் இப்படியா? பேசாமல் பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கலாமா என்று இரவெல்லாம் யோசிக்கிறேன். இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

ஓஎம்ஆர் அக்கா:

தங்கச்சி, நானும் தமிழ் மீடியம்தான், 2009-இல் காலேஜ் சேர்ந்தவள். இப்போது வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடம் தாண்டிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அந்தப் பக்கத்து சிஸ்டம் பையன் பதினொன்றாவதில் என்ன குரூப் எடுத்தான் என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டுப் பார். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தால் உனக்கு முன்னாலேயே இரண்டு வருடம் லூப்பும் ஃபங்ஷனும் அடித்துவிட்டு வந்திருப்பான், வீட்டில் சிஸ்டம் இருந்திருந்தால் இன்னும் அதிகம். நீ தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று படித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் அதைச் செய்தான், அவ்வளவுதான் வித்தியாசம். அவனுடைய அந்தப் பத்து நிமிடத்தை உன்னுடைய ஒன்றரை மணி நேரத்தோடு ஒப்பிடவே கூடாது, இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பவில்லை.

அப்புறம், தப்பு வருவது தெரியாதவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறாய் பார், அதுதான் என்னையும் ரொம்ப நாள் வாட்டியது. பைனரி சர்ச் படித்திருப்பாய், வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாக்கித் தேடுவது, சில வரிதான் இருக்கும். அது அச்சில் வந்தது 1946-இல். ஜான் பென்ட்லி என்பவர் வேலையில் இருக்கும் புரோகிராமர்களிடம் நிறைய நேரம் கொடுத்து அதை எழுதச் சொல்லிப் பார்த்திருக்கிறார், பெரும்பாலானவர்களின் கோடில் பிழை. அதோடு முடியவில்லை. ஜாவா மொழியோடு வரும் பைனரி சர்ச்சிலேயே ஒரு பிழை பல வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது, அதை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-இல் தானே அதைப் பற்றி எழுதினார். நடு இடத்தைக் கண்டுபிடிக்க, தேடும் பகுதியின் தொடக்கமான லோவையும் முடிவான ஹையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் இல்லையா, அந்தக் கூட்டுத்தொகை 2147483647-ஐத் தாண்டினால் இன்ட் என்ற முழு எண் வகையில் அடங்காமல் மைனஸ் எண்ணாகிவிடும். ஹையிலிருந்து லோவைக் கழித்து, பாதியாக்கி, லோவோடு கூட்டினால் சரி. உலகமே பயன்படுத்தும் மொழிக்கு லைப்ரரி எழுதியவர், தன் பிழையை ஊரறியச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். அவரை யாரும் போலி என்று சொல்லவில்லை.

என் கதையையும் சொல்கிறேன். முதல் வேலையில் ஒரு பில்டு எரர் வந்து மூன்று நாள் யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். கேட்டால் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம். மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, ஒரு கான்ஃபிக் ஃபைலில் பாத் தப்பு என்றார், இரண்டு நிமிட வேலை. அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: "முதல் நாளே ஏன் சொல்லவில்லை?" தெரியாததற்கு யாரும் கோபப்படவில்லை, மூன்று நாள் போனதற்குத்தான் வருத்தப்பட்டார்கள். அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் நானே பார்ப்பேன். என்ன செய்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, இந்த மூன்றையும் நோட்டில் எழுதுவேன். பாதி நேரம் எழுதும்போதே விடை கிடைத்துவிடும். இல்லையென்றால் அந்த நோட்டோடு போய்க் கேட்பேன். அப்படிக் கேட்பவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

---

லேப் வாத்தியார்:

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் எடுப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வைவாவில் "குட்" என்பதை நாங்கள் பரிதாபப்பட்டுச் சொல்வதில்லை. பத்து நிமிடத்தில் அவுட்புட் காட்டும் மாணவர்களிடம் "லிஸ்ட் காலியாக இருந்தால் உன் புரோகிராம் என்ன செய்யும்?" என்று கேட்டால் பலர் முழிப்பார்கள். ஒரு மணி நேரம் செக்மென்டேஷன் ஃபால்ட்டோடு மல்லுக்கட்டியவர்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வார், நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள்.

இந்தப் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி முதலில் எழுதியபோது சிண்ட்ரோம் என்று சொல்லவில்லை, ஒரு நிகழ்வு என்ற பொருளில்தான் சொன்னார்கள். நன்றாகப் படித்து, பட்டமும் பெயரும் வாங்கிய பெண்கள் பலர், தங்கள் திறமையால் இது வரவில்லை, மற்றவர்களை எப்படியோ ஏமாற்றிவிட்டோம் என்று நம்புவதைப் பார்த்து எழுதினார்கள். நோய் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் மேலே எழுதியவரோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. எல்லாமே மனதின் பயம் என்று தள்ளிவிடவும் கூடாது. பாயின்டர் (மெமரியில் ஓரிடத்தின் முகவரியை வைத்திருப்பது) உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை, அது நிஜமான இடைவெளி, நிரப்பிவிடலாம். தோழியின் கோடைப் பார்த்தது குற்றமில்லை. ஆனால் மறுநாள் அதை மூடிவைத்துவிட்டு, பேப்பரில் பெட்டியும் அம்புக்குறியும் வரைந்து, எந்த அம்பு எப்போது நகர்கிறது என்று பார்த்து, முதலிலிருந்து நீங்களே அடிக்க வேண்டும். அடித்துப் பார்த்தீர்களா?

---

ஃபைனல் இயர் 7.5:

கோட்டா என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். நானும் அதில் வந்தவன்தான். 2021-இல் நீதிபதி முருகேசன் ஆணையம், தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்கள் எவ்வளவு குறைவாகச் சேர்கிறார்கள் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்த பிறகுதான் இன்ஜினியரிங்குக்கு இந்த ஒதுக்கீட்டுச் சட்டமே வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தங்களுக்குள் கட்-ஆஃப் வைத்துப் போட்டி போட்டு வாங்கும் இடம் இது, யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. செமஸ்டர் பேப்பர் திருத்துபவருக்கு நீங்கள் எந்தக் கோட்டா என்று தெரியவே தெரியாது. அந்த 8.3 உங்களுடையது.

எனக்குப் பெரிய பயம் இங்கிலீஷ்தான். கிளாஸில் டவுட் வரும், அதை இங்கிலீஷில் எப்படிக் கேட்பது என்று வாக்கியம் அமைப்பதற்குள் சார் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். இரண்டாம் வருடம் ஒருநாள் துணிந்து தமிழிலேயே கேட்டேன். சாரும் தமிழிலேயே பதில் சொன்னார், பின்னால் இருந்த நாலு பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அதே டவுட் இருந்திருக்கிறது, அவர்களும் வாயைத் திறக்கவில்லை. பேங்க் எக்ஸாம் நல்ல விஷயம்தான், பிடித்திருந்தால் எழுதுங்கள். பயந்து ஓடுவதற்காக மட்டும் எழுதாதீர்கள்.

---

நெல்லைக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இதைப் படித்துவிட்டு ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், ஆனால் கஷ்டத்தில் அழவில்லை.

சார், நீங்கள் சொன்ன மாதிரி நேற்று பேப்பரில் வரைந்து முதலிலிருந்து அடித்தேன். ஐம்பது நிமிடம் ஆனது. போன வாரம் ஏன் விழுந்தது என்றும் தெரிந்துவிட்டது. நீக்க வேண்டிய எண் லிஸ்டில் இல்லாவிட்டால், லிஸ்டில் நகர்ந்து தேடும் டெம்ப் என்ற பாயின்டர் கடைசியில் நல் (எதையும் காட்டாத நிலை) ஆகிவிடுகிறது, நான் அதைச் சோதிக்காமல் டெம்ப்பின் நெக்ஸ்டை (அடுத்த நோடை) கேட்டிருக்கிறேன். தோழியின் கோடிலும் அந்தச் சோதனை இல்லை, லேபில் அவள் லிஸ்டில் இருக்கும் எண்ணையே கொடுத்ததால் ஓடியிருக்கிறது. அவளிடம் காட்டினேன், அவளும் திருத்திக்கொண்டாள்.

அக்கா, அரை மணி நேரம் பார்த்துவிட்டேன், நோட்டிலும் எழுதிவிட்டேன், அதனால் கேட்கிறேன். நாளைக்கு டபுளி லிங்க்டு லிஸ்ட், அதில் ஒவ்வொரு நோடும் அடுத்ததையும் முந்தையதையும் காட்டும். நடுவில் இருக்கும் நோடை நீக்கினால் சரியாக வருகிறது, கடைசி நோடை நீக்கினால் மட்டும் திரும்ப செக்மென்டேஷன் ஃபால்ட். ஏன்?

---

ஓஎம்ஆர் அக்கா:

கடைசி நோடுக்கு அடுத்து ஒன்றும் இல்லையே, அதன் நெக்ஸ்ட் நல். நீ அந்த நல்லுடைய ப்ரீவை (முந்தைய நோடைக் காட்டும் பாயின்டரை) மாற்றப் போகிறாய், அங்கேதான் விழுகிறது. நெக்ஸ்ட் நல் இல்லை என்றால் மட்டும் ப்ரீவை மாற்று என்று ஒரு இஃப் போடு. முதல் நோடை நீக்கும்போதும் இதே மாதிரி ப்ரீவ் பக்கம் பார்க்க வேண்டும், லிஸ்டின் தொடக்கத்தைக் காட்டும் ஹெட்டையும் நகர்த்த வேண்டும். ஒரே ஒரு நோடு இருக்கும் லிஸ்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, என்ன வந்தது என்று இங்கே எழுது.