கூலன்ற் திரிந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கோ

கோண்டாவிலில் இருந்து:
எங்கள் பட்டறையில் போன வருடம் வாங்கிய கரையும் ஒயில் (லேத் எனும் கடைச்சல் மெசினில் வெட்டும்போது சூடு தணிக்கத் தண்ணீரில் கலந்து விடுவது, கலவைதான் கூலன்ற்), கலந்த மறுநாளே திரிந்துவிட்டது. மேலே மஞ்சள் ஆடை, அடியில் பிசின் மாதிரிக் கசடு, லேத்தின் படுக்கையில் துரு. விற்ற கடைக்காரர், "அளவு காணாது அண்ணை, இன்னும் ஊத்துங்கோ" என்றார். ஊற்ற ஊற்ற ஆடை தடித்ததுதான் மிச்சம்.

பிறகு அதே ஒயிலை ஒரு போத்தலில் கிணற்றுத் தண்ணீரோடும், இன்னொன்றில் பீலியில் பிடித்த மழைத் தண்ணீரோடும் கலந்து இரவு முழுக்க வைத்தோம். விடியப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீரில் மட்டும்தான் ஆடை. ஒயிலில் பிழை இல்லை.

எங்கள் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருவது. கேத்திலின் உள்பக்கமே சாட்சி. அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும், ஒயிலைத் தண்ணீரில் பிடித்து வைத்திருக்கும் பொருளோடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். குளிக்கும்போது சவர்க்காரம் லேசில் நுரைக்காததும் இதனால்தான். தொட்டியில் இருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே தங்கும். குறையக் குறையக் கிணற்றுத் தண்ணீரையே விட்டால் கடினம் ஏறிக்கொண்டே போகும். முதல் கிழமை நல்லாயிருந்த கலவை பிறகு கெடுவதற்கு இது போதும்.

ஆகவே மாரியில் இரண்டு பீப்பாயாவது மழைத் தண்ணீர் சேர்த்து வையுங்கோ, இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீர். தனி மழைத் தண்ணீரில் சில ஒயில்கள் நுரைத்துத் தள்ளும். கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் விட்டால் அடங்கும். தண்ணீருக்குள்தான் ஒயிலை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் கட்டி தட்டும். சாதாரணக் கடைச்சலுக்கு 20 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு ஒயில் காணும். வார்ப்பிரும்புக்கு நான் ஒன்றும் விடுவதில்லை, அதற்குள் இருக்கும் கிராஃபைற்றே வழுக்கும்.

பருத்தித்துறையில் இருந்து:
நான் கண்டது வேறு விதம். படகு வின்ச் ஒன்றைத் திருத்தக் கொண்டு வந்தார்கள். பெட்டிக்குள் வேர்ம் கியர், திருகு மாதிரித் தண்டு பல்லுச் சில்லைச் சுற்றும். சில்லு வெண்கலம், தண்டு உருக்கு. முன்பு திருத்தியவர் லொறி டிஃபரென்சியலுக்குப் போடும் ஜிஎல்-5 ஒயிலை விட்டிருக்கிறார். விலை கூடினது நல்லது என்ற நினைப்புப் போல. திறந்தால் சில்லு முழுக்கக் கறுப்பு, வடித்த ஒயிலில் பொன்தூள் மினுங்குது. அந்த ஒயிலில் பல்லுக்குப் பல் இறுகும் அழுத்தத்தைத் தாங்கக் கந்தகம் சேர்த்திருப்பார்கள். உருக்குக்கு அது காவல். சூடேறினால் செம்பு கலந்த உலோகத்தை அதுவே அரிக்கும்.

இப்போது ஒயில் வாங்கும்போது விபரத்தாளில், ஒயில் செம்பை எவ்வளவு கறுக்க வைக்கும் என்று சொல்லும் செப்புத் தகட்டுச் சோதனையைப் பார்ப்பேன். 1ஏ அல்லது 1பி என்றால் சரி, 3க்கு மேல் என்றால் வெண்கலத்துக்குக் கிட்டவும் கொண்டுபோக மாட்டேன். பித்தளை கடைபவர்களும் வெட்டும் ஒயிலுக்கு இதைக் கேளுங்கோ, இல்லாவிட்டால் சாமான் கறுத்துப்போய்த்தான் கைக்கு வரும்.

சுன்னாகத்தில் இருந்து:
லேத் படுக்கைக்கு மிஞ்சின என்ஜின் ஒயிலை விடுகிறவர்களுக்கு ஒரு சொல். அதில் சேர்த்திருக்கும் அழுக்கு நீக்கும் பொருள், ஒயிலைக் கூலன்றோடு கலக்க வைத்துவிடும். படுக்கைக்கென்று வரும் 68 ஒயில் (68 என்பது தடிப்பின் இலக்கம்) பெரும்பாலும் மேலே மிதக்கும், வழித்து எடுக்கலாம்.

அது சரி, பழைய கூலன்றை எல்லாரும் எங்கே ஊற்றுகிறீர்கள்? கிணற்றில் எண்ணெய் கண்டு நாங்கள் பட்ட பாடு தெரியும்தானே. நான் பீப்பாயில் சேர்த்து வைத்திருக்கிறேன், எடுக்கிற ஆட்கள் இருந்தால் சொல்லுங்கோ.