சம்பளத்துக்கு மேல ஒரு வேலையை யார் இழுத்துப் போட்டுக்குறாங்க?

மணலி யார்டு ஆள்:
மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல பதினோரு வருஷமா இருக்கேன். கேட்டுல ஒரு பையன் சேர்ந்தான். பேசவே மாட்டான். "ஆமா சார்", "இல்ல சார்", அவ்ளோதான். அதே ஷிஃப்டுல இன்னொருத்தர், மீட்டிங்னா அவர்தான் ராஜா. வாரத்துக்கு ஒரு ஐடியா. பெரிய ஆளா வருவார்னு எல்லாரும் நெனச்சது அவரைத்தான்.

கன்டெய்னர் நம்பர் பார்த்திருப்பீங்க. 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில தனியா ஒரு இலக்கம். அது சும்மா இல்ல. முன்னாடி இருக்குற பத்தையும் வெச்சு கணக்குப் போட்டா அதுதான் வரணும். வரலன்னா எங்கியோ தப்பு. துருப்பிடிச்ச பெட்டியில 3 எது, 8 எதுன்னு தெரியாது. கேட்டுல தப்பா ஏறின நம்பர் டெலிவரி அன்னிக்குத்தான் வெடிக்கும். டிரைவர் பேப்பரோட நிப்பார், பின்னாடி ட்ரெய்லர் வரிசை ரோடு வரைக்கும் போயிடும்.

அந்தப் பையன் யாரையும் கேக்காம எக்செல்ல ஒரு ஷீட் போட்டான். நம்பர் தப்புன்னா கட்டம் சிவப்பாயிடும். மூணு வாரம் தானே ஓட்டிப் பார்த்திருக்கான், எங்களுக்குத் தெரியாது. ஏன்டா செஞ்சன்னு கேட்டா, "தப்பு நம்பர் போச்சுன்னா தூக்கம் வரல சார்"ன்னான். மீட்டிங் ராஜாவோட ஐடியா எல்லாம் நோட்டுலயே தூங்குது.

உங்க எடத்துல எப்படி?

எம்.சி. ரோடு அக்கா:
பேசாதவங்கதான் செய்வாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க தம்பி. நான் வாயாடி. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல ஜவுளிக்கடை சேல்ஸ். 2020 லாக்டவுன் முடிஞ்சு கடை திறந்தும் ஈ ஓட்டிட்டு இருந்தோம். ரெகுலர் கஸ்டமர் நம்பர் எல்லாம் என் போன்ல. வீடியோ கால் போட்டுப் புடவையை விரிச்சுக் காட்ட ஆரம்பிச்சேன். மொதலாளி, "கடைக்கு வர்றவங்களையும் வூட்லயே உக்கார வெச்சிடுவ போல"ன்னு கத்தினார். ரெண்டு நாள் நிறுத்தினேன், மூணாம் நாள் மறுபடியும். திட்டு எனக்கு உறைக்காது, மாமியார் வீட்டு ட்ரெய்னிங். தீபாவளிக்குப் போன பார்சலைப் பார்த்துட்டு ஸ்டாண்டு, லைட்டு எல்லாம் வாங்கினார். பொறுப்பை மட்டும் தங்கச்சி மகன்கிட்ட குடுத்துட்டார்!

என்கூட ஒருத்தி இருந்தா. துணி விவரத்துல என்னைவிட கெட்டி. அந்த பார்சல்ல பாதி யோசனை அவளோடது. ஆனா மொதலாளி முகம் சுளிச்சாலே ரெண்டு நாளைக்கு வாய் திறக்க மாட்டா.

தண்டையார்பேட்டை எச்.ஆர்.:
அக்கா சொன்னதும் தம்பி சொன்னதும் மோதல. 2006-ல ஜாவோ, சைபர்ட்னு ரெண்டு பேர் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து, தொழில் தொடங்கினவங்களையும் மேனேஜர்களையும் ஒப்பிட்டாங்க. தொழில் தொடங்கினவங்களுக்குப் புதுசைத் தேடுற குணமும் எடுத்ததை முடிக்குற குணமும் அதிகம். பதற்றம் கம்மி, எல்லாருக்கும் இணங்கிப் போறதும் கம்மி. கலகலப்பாப் பேசுறதுல மட்டும் பெருசா வித்தியாசம் இல்ல. சம்பளக்காரங்களுக்கு இதை அப்படியே ஒட்ட முடியாது. ஆனா நாங்க இன்டர்வியூல எதுக்கு மார்க் போடுறோம்? கலகலப்புக்கு!

பெரம்பூர் ரிட்டயர்டு:
குணம் சரி, மேல இருக்குறவரையும் பாருங்கப்பா. ஐ.சி.எஃப்.ல ஃபர்னிஷிங் பக்கம் இருந்தவன் நான். 1955-ல தொடங்கின, ரயில் பெட்டி செய்யுற கவர்மென்ட் ஃபேக்டரி. ட்ரெயின் 18-ஐ ஏறக்குறைய 18 மாசத்துல முடிச்சு 2018-ல வெளிய விட்டாங்க. அப்ப ஃபேக்டரி தலைவர், அதாவது ஜி.எம்., சுதான்ஷு மணி. இப்ப நீங்க வந்தே பாரத்னு ஏறுறது அந்த வண்டியோட வழியில வந்ததுதான். அவர் விடாப்பிடியா ரயில்வே போர்டுகிட்ட நின்னு அனுமதி வாங்கினார், சரி. ஆனா ஷாப்ல ஒரு கதவு சரியா மூடலன்னு சாப்பாட்டு மணியடிச்சும் கீழ இறங்காம நின்னவங்களும் இருந்தாங்க. அவங்க சுபாவமே அப்படி. முன்னாடியும் அப்படித்தான் நின்னாங்க. அப்ப, "உனக்கேன்யா இந்த வேலை"ன்னு கேட்டவங்கதான் அதிகம்.

மணலி யார்டு ஆள்:
அய்யா, அங்கதான் எங்க கதையும் முடிஞ்சுது. பையன் போன வருஷம் வேற யார்டுக்குப் போயிட்டான். நாலாயிரம் கூடுதலா தந்தாங்களாம், எங்க ஆபீஸ்ல ஐநூறுக்கே யோசிச்சாங்க. ஷீட்டுக்கு அவன் போட்ட பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. ஏதாவது மாத்தணும்னா நான்தான் போன் பண்றேன். ஞாயித்துக்கிழமை வந்து சரி பண்ணிட்டுப் போறான். இப்பவும் "ஆமா சார்", "இல்ல சார்"தான்.