உடைந்த இணைப்பா, தவறிய சுட்டா? ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ், தரவை விளக்கப்படமாக்கும் டேப்லோ, பவர் பிஐ போன்ற மென்பொருள்களுக்கான தமிழ்க் கையேட்டில், மென்பொருளுக்குத் தரவு கிடைக்காமல் போகும் நிலையை "உடைந்த தரவு இணைப்பு" என்றே போட்டுவிடலாம் என முந்தைய மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தச் சொல் படிப்பவரைத் தவறான வேலை செய்ய வைக்கும்.

கியூஜிஐஎஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். அதன் திட்டக்கோப்பில் பொதுவாக வரைபடத் தரவு இருப்பதில்லை. ஒவ்வோர் அடுக்கின் (சாலை, ஆறு என ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்படும் வரைபடப் பகுதியின்) தரவும் எந்தப் பாதையில் இருக்கிறது என்ற குறிப்பும், நாம் அந்த அடுக்குக்குக் கொடுத்த நிறம், வகைப்பாடு, பெயர் எழுதும் விதிகளும்தான் இருக்கும். கோப்புறையின் பெயரை மாற்றினாலோ கோப்பை வேறு டிரைவுக்கு நகர்த்தினாலோ அந்தப் பாதையில் கோப்பு இருக்காது. திட்டத்தைத் திறந்ததும் திறக்க முடியாத அடுக்குகளின் பட்டியல் வந்து நிற்கும். தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது.

"உடைந்தது" என்று படிக்கும் புதியவர் என்ன செய்வார்? அடுக்கை நீக்கிவிட்டுக் கோப்பை மறுபடி சேர்ப்பார். தரவு வந்துவிடும், ஆனால் உட்கார்ந்து செய்த வகைப்பாடும் நிறங்களும் போய்விடும். அந்தப் பட்டியலிலேயே புதிய பாதையைக் காட்டியிருந்தால் எல்லாம் அப்படியே திரும்பியிருக்கும். மாணவர்கள் இப்படி வேலையை இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. சொல்லிலேயே தீர்வுக்கான வழி தெரிய வேண்டும்.

அதனால் நான் முன்வைப்பது "தரவுச்சுட்டு". தரவு எங்கே இருக்கிறது என்று திட்டக்கோப்பு வைத்திருக்கும் குறிப்பு அது. கோப்பு நகர்ந்துவிட்டால் "சுட்டு தவறியது". புதிய இடத்தைக் காட்டுவது "மறுசுட்டல்".

> தொடுப்பு என்று வைத்தால் என்ன?

நல்ல சொல்தான். ஆனால் பேச்சு வழக்கில் அதற்கு வேறு பொருள் இருப்பதால் வகுப்பில் சொல்ல ஆசிரியர் தயங்குவார்.

> சுட்டு என்றால் எரித்து, திருடி என்றெல்லாம் பொருள் வருமே? "தரவைச் சுட்டு" என்று படித்துவிட்டால்?

நியாயமான கேள்வி. சுடு என்ற வினைக்கு எச்சம் "சுட்டு". சுட்டு என்ற வினைக்கோ எச்சம் "சுட்டி". எனவே "புதிய பாதையைச் சுட்டிய பிறகு" என்று எழுதும்போது குழப்பமே இல்லை. பெயர்ச்சொல்லில் மட்டும்தான் சிக்கல். அங்கே தரவுச்சுட்டு என்று சேர்த்தே எழுதுவோம். சுட்டெழுத்து பள்ளியிலேயே படித்ததுதானே, பிடிபட்டுவிடும். "சுட்டி" என்ற பெயரை மட்டும் விட்டுவிடுவோம். மவுஸுக்கும் இணைய முகவரிக்கும் ஏற்கெனவே அது புழங்குகிறது.

இலக்கணத்தில் அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு இருக்கின்றனவே, திட்டக்கோப்பை வைத்துச் சொல்லும் பாதைக்கும் டிரைவிலிருந்து தொடங்கும் பாதைக்கும் அவற்றையே வைக்கலாமா என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் முதல் வகைப் பாதை மேலேறி எங்கோ தொலைவில் உள்ள கோப்புறைக்கும் போகலாம். அதை அண்மை என்பது பொய்யாகிவிடும். சார்புப் பாதை, முழுப்பாதை போதும். கையேட்டில் சார்புப் பாதையைத்தான் பரிந்துரைக்க வேண்டும். திட்டமும் தரவும் ஒரே கோப்புறையில் இருந்தால் கோப்புறையை மொத்தமாக எங்கே கொண்டுபோனாலும் சுட்டு தவறாது.

"இணைப்பு" என்பதைத் தரவுத்தள வழங்கிக்கு (சர்வருக்கு) ஒதுக்கிவிடலாம். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தின் வழங்கி நின்றுபோனாலும் கடவுச்சொல் மாறினாலும் அதே பட்டியல்தான் வரும். ஆனால் அங்கே முகவரி சரியாகவே இருக்கிறது, மறுசுட்டி எந்தப் பயனும் இல்லை. அது "இணைப்புத் துண்டிப்பு". இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் வழங்கி நின்றிருக்கும்போது பாதையைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம், மூன்றாவது வகை ஒன்று உண்டு. கோப்பு அதே இடத்தில்தான் இருக்கும், உள்ளே ஒரு நெடுவரிசையின் தலைப்பை யாரோ மாற்றியிருப்பார்கள். "மாவட்டம்" என்றிருந்தது "மாவட்டப் பெயர்" ஆகியிருக்கும். டேப்லோவில் அந்தப் புலத்தின் (நெடுவரிசையைத்தான் அங்கே புலம் என்கிறோம்) பக்கத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி வரும். அந்தப் புலத்தின் மேல் வலது சொடுக்கி, அதற்கு ஈடான புதிய புலத்தைத் தேர்ந்தெடுத்தால் அதை நம்பியிருந்த கணக்கீடுகளும் விளக்கப்படங்களும் உயிர்பெறும். பவர் பிஐயிலோ, தரவைப் படிப்படியாக எடுத்துத் தரும் வினவல், பழைய தலைப்பைச் சொல்லும் படியில் நெடுவரிசை இல்லை என்ற பிழையோடு நின்றுவிடும், அந்தப் படியில் பெயரைத் திருத்த வேண்டும். இதற்கு "புலச்சுட்டு" என்று வைக்கலாம். தரவுச்சுட்டு கோப்பைக் காட்டுகிறது, புலச்சுட்டு கோப்புக்குள் இருக்கும் நெடுவரிசையைக் காட்டுகிறது. செய்ய வேண்டிய வேலை இரண்டிலும் மறுசுட்டல்தான்.

இன்னும் முடிவாகாதது, திட்டத்தைத் திறந்ததும் கியூஜிஐஎஸ் காட்டும் அந்தப் பட்டியலின் தலைப்பு. "கிடைக்காத அடுக்குகள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் "எட்டாத அடுக்குகள்" என்பேன், தரவு இருக்கிறது என்ற நம்பிக்கையை அது விட்டுவைக்கிறது. வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள், அடுத்த வரைவில் சேர்த்துவிடுகிறேன்.