முணுமுணுத்தபோது இருந்த உயிர் ரெக்கார்டிங்கில் போய்விடுகிறது

ஒரு பாட்டில் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தூக்கம் வராத ஒரு ராத்திரி மொபைலில் முணுமுணுத்துப் பதிந்த 40 விநாடி மெட்டு. கேட்டவர்கள் எல்லோருக்கும் பிடித்தது. அதையே முறையாகப் பாடிப் பதிந்தால், மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது மாதிரி விறைத்துக்கொள்கிறது.

கீரவாணி ராகச் சாயல், சுருதி டி, 6/8 தாளம். கார்டுகள் டி மைனர், ஜி மைனர், ஏ. படுக்கையறையில்தான் பதிவு, ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் 92 பிபிஎம் (நிமிடத்துக்கு 92 தட்டு) வேகத்தில் கிளிக், அதாவது தாளத் தட்டுச் சத்தம், வைத்துப் பாடுகிறேன். சரணம் பரவாயில்லை. பல்லவியின் இரண்டாம் வரியில், மேல் சட்ஜத்துக்கு ஏறும் இடத்தில்தான் சிக்கல். மொபைல் பதிவின் வேகத்தை அளந்து பார்த்தேன்: அங்கே என்னையறியாமல் 86க்கு இறங்கி, அப்புறம் 95 வரை ஓடியிருக்கிறேன்!

முதலில் லேட்டன்சி (பாடுவது ஹெட்போனில் தாமதமாகக் கேட்பது) என்று நினைத்து, மென்பொருளில் அதைக் கூட்டிக் குறைக்கும் பஃபர் அளவை 512இலிருந்து 128 ஆக்கினேன். ஹெட்போனில் குரல் தாமதம் போனது, விறைப்பு போகவில்லை. சுருதியை சி-க்கு இறக்கினேன். தொண்டைக்குச் சுகம், பாட்டுக்கு இல்லை. கிளிக் இல்லாமல் கிட்டாரோடு பாடினால் மெட்டு மூச்சு விடுகிறது, ஆனால் ஏற்கெனவே புரோகிராம் செய்த டிரம்ஸ் ஒட்டவில்லை. சரி, மொபைல் பதிவையே வைத்துவிடலாம் என்றால் பின்னால் மின்விசிறி இரைச்சல். அதை நீக்கினால் குரல் தகரமாகிறது.

டிரம்ஸை விட மனமில்லை, ஒரு வாரம் உட்கார்ந்து செய்தது. இப்படி வேகம் ஏறி இறங்கும் மெட்டுக்கு நீங்கள் குரலை முதலில் பதிந்து அதற்கேற்ப டெம்போ மேப் (குரலின் வேகத்தைப் பின்தொடர்ந்து கிளிக்கும் டிரம்ஸும் ஏறி இறங்கும்படி குறித்து வைப்பது) போடுவீர்களா, இல்லை கிளிக்கோடு பாடியே அந்த இழுவையைக் கொண்டுவருவீர்களா?