பொன்னம்மா குடும்பம் (சுங்கை சிப்புட், மலேசியா): வாட்ஸ்அப் குழு

மல்லிகா: எல்லாருக்கும் வணக்கம். ஜூன் மாதம் தர்ஷினிக்குப் பட்டமளிப்பு. ஆறு வருடம் ஓடிவிட்டது. போலந்தின் கிராக்கோவுக்கு யார் யார் வருகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

குணா: வருகிறேன்.

பிலோ அண்ணி: டாக்டர் தர்ஷினி! கண்ணு, ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார்.

மணியம் மாமா: அவ்வளவு தூரம் போய் போலந்து மட்டுமா? பாரிஸ், ரோம், சுவிட்சர்லாந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். எனக்குத் தெரிந்தவர் பத்து நாளில் ஏழு நாடு காட்டுகிறார்.

குணா: மாமா, போன தடவை கட்டிய முன்பணம்?

மணியம் மாமா: அது வேறு ஆள்.

சேகர் அண்ணன்: இன்னும் திரும்பி வரவில்லை.

ராஜம் சித்தி: பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது? வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வேண்டும்.

வசந்தி: எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். ஐந்து வீடு, மாதம் 100 வெள்ளி (ரிங்கிட்), நான்கு வருடம். கூட்டுச் சேமிப்பில் இருப்பது 24,000 வெள்ளி. ஆறு பேர் என்றால் தலைக்கு 4,000. விமான டிக்கெட்டே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மீதியில் எங்கே நாலு நாள் கூடுதலாக இருக்க முடியும் என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு சுவிஸ் பிராங்க் நம் சுமார் ஐந்து வெள்ளி. போலந்தில் யூரோ கிடையாது, ஸ்லோட்டிதான். ஒரு ஸ்லோட்டி நம் ஒரு வெள்ளிக்குச் சற்றுக் கூட, அவ்வளவே. விலைப்பலகையைப் பார்த்து அம்மாவே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியாவும் மேற்கு நாடுகளை விட மலிவுதான். நம் கடப்பிதழுக்கு (பாஸ்போர்ட்) விசா வேண்டாம். தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் ருமேனியா, பல்கேரியாவின் தரைவழி எல்லையிலும் சோதனை இல்லை.

குணா: சரி அக்கா.

வசந்தி: இன்னும் முடிக்கவில்லை. தோஹா வழியாகவோ துபாய் வழியாகவோ வார்சாவில் இறங்கலாம். அங்கிருந்து கிராக்கோவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். ஈப்போவில் ஏறிக் கோலாலம்பூர் போவது போலத்தான். ஒரே ஊரில் அறை எடுத்துத் தங்கி, அங்கிருந்தே பக்கத்து இடங்களைப் பார்ப்போம். ஏழு நாடு என்றால் அம்மா பத்து நாளும் பஸ்ஸில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் முழங்காலை நினைத்துப் பாருங்கள்.

மணியம் மாமா: மலை வேண்டும், பனி வேண்டும் வசந்தி. எஸ்டேட்டில் செம்பனையைப் பார்த்தே வயதாகிவிட்டது.

தர்ஷினி: தாத்தா, ஸகொபானே என்று மலையூர் இருக்கிறது. இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கேபிள் காரில் 1,987 மீட்டர் உயரச் சிகரத்துக்குப் பக்கம் வரை ஏறலாம். நானே அழைத்துப் போகிறேன்.

மணியம் மாமா: படம் அனுப்பு.

ராஜம் சித்தி: அண்டா?

சேகர் அண்ணன்: சாப்பாடு எப்படி? அம்மா வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டார்.

தர்ஷினி: மாமா, இங்கே ‘பார் ம்லெச்னி’ என்று பழைய உணவகங்கள் உண்டு. ‘பால் கடை’ என்று அர்த்தம். சோஷலிச ஆட்சியில் அரசு மானியத்தில் நடந்தவை, இன்றும் மலிவு. பரீட்சைக் காலத்தில் அங்கேதான் சாப்பிட்டேன். பியெரோகி கிடைக்கும். நம் கொழுக்கட்டை மாதிரி விளிம்பை மடித்து வேகவைத்து, உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்திருப்பார்கள். வெங்காயம் வதக்கி மேலே போடுவார்கள். பாட்டி சாப்பிடுவார். மிளகாய்த்தூள் மட்டும் கொண்டுவாருங்கள்.

குணா: புடாபெஸ்ட் போகலாமா? வெந்நீர் ஊற்றுக் குளியல் இருக்கிறது. அம்மா முழங்காலுக்கு நல்லது.

மணியம் மாமா: வெந்நீர் ஊற்று ஈப்போ பக்கத்தில் தம்பூனிலேயே இருக்கிறது.

வசந்தி: உப்புச் சுரங்கமும் இருக்கிறது, வியெலிச்கா. பூமிக்கு அடியில் 101 மீட்டர் ஆழத்தில் உப்பிலேயே குடைந்த தேவாலயம். சரவிளக்கின் மணிகூட உப்பு. ஆனால் மொத்தம் 800 படி, இறங்கும்போதே 380. அம்மாவுக்கு வேண்டாம். நாம் போகும் நாளில் யாராவது அவரோடு இருக்க வேண்டும்.

பிலோ அண்ணி: நான் இருக்கிறேன். எனக்கு ஒரே ஒரு ஆசைதான். சென்ஸ்டொஹோவா மாதா கோயிலுக்குப் போக வேண்டும். அரை நாள் போதும்.

தர்ஷினி: சுமார் 140 கிலோமீட்டர் அத்தை. ரயில் இருக்கிறது.

மல்லிகா: அந்தக் கறுப்பு மாதாவா அண்ணி?

பிலோ அண்ணி: ஆமாம். படம் போடுகிறேன்.

அம்மா: நான் கவிதா. பாட்டி சொல்லச் சொல்லத் தட்டுகிறேன். “மாதா முகம் நம் ஆள் மாதிரி இருக்கிறது. கன்னத்தில் இரண்டு கோடு, ரப்பர் பால் மரத்தில் கத்தி போட்டது போல. யார் வெட்டினது?”

பிலோ அண்ணி: 1430-இல் கொள்ளைக்காரர்கள் புகுந்து வெட்டினார்கள் அத்தை. பிறகு படத்தைச் சீர்செய்தும் அந்தத் தழும்பு இருக்கிறது.

அம்மா: “அந்தக் கோயிலுக்கு நானும் பிலோவோடு போகிறேன்.”

ராஜம் சித்தி: அக்கா, சேகர் கல்யாணத்துக்கே மாதா கோயில் வாசலோடு திரும்பினாயே.

சேகர் அண்ணன்: சித்தி, அது இப்போது எதற்கு?

அம்மா: “அங்கே செருப்பைக் கழற்ற வேண்டுமா? தரை குளிருமா?”

பிலோ அண்ணி: வேண்டாம் அத்தை. கழற்ற வேண்டாம். காலுறை நான் வாங்கி வைக்கிறேன்.

வசந்தி: அப்படியென்றால் கிராக்கோவ் முடிவு. ஸகொபானே ஒரு நாள், மாதா கோயில் ஒரு நாள். புடாபெஸ்ட்டைப் பிறகு பார்ப்போம். அம்மா கடப்பிதழ் பழனிக்குப் போனபோது எடுத்தது, காலாவதியாகி இருக்கும். ஐரோப்பாவிலிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டணம் 100 வெள்ளிதான். திங்கட்கிழமை அம்மாவை ஈப்போ குடிநுழைவு அலுவலகத்துக்கு யார் அழைத்துப் போகிறீர்கள்?

மணியம் மாமா: புடாபெஸ்ட்டை விட்டால் சுவிட்சர்லாந்து சேர்க்கலாமே.

குணா: திங்கள் எனக்கு வேலை. செவ்வாய் கேட்டுச் சொல்கிறேன்.

சேகர் அண்ணன்: கார் பட்டறையில் இருக்கிறது.

பிலோ அண்ணி: பஸ்ஸில் நான் அழைத்துப் போகிறேன். அத்தை, காலை ஏழு மணிக்கு வருகிறேன்.

மல்லிகா: சித்தி, அண்டா என் வீட்டில்தான் இருக்கிறது. மூடியைக் காணவில்லை.